மாமனார் ஊரு சாமி

டேய் பேரா, நைட் ஷிப்ட் முடிச்சு வந்து தூங்காம நீ அனுப்பின சேதியைப் படிச்சேன். யூதருங்க வேதத்துல வர்ற சாமி பேரு 'யாவே', நம்ம 'யாவையும்'கிற சொல்லுலேருந்து கிளம்பிப் போனதாம். பாலைவனத்துச் சாமிக்குப் பேரு வச்சவனே நம்ம ஆளுதான்னு தெரிஞ்சதும் எனக்கு நெஞ்சு நிமிர்ந்துடுச்சு. நிமிர்ந்தது மறுபடி மடங்க மாட்டேன்னு பிடிச்சுகிட்டதுல, உங்க பாட்டி தைலம் தேய்க்க வேண்டியதாப் போச்சு.

எனக்கு ஒரே வருத்தம்தான். அவ்வளவு தூரம் போனவன் ஏன் பாதியில திரும்பிட்டே? அதே வேதத்துல யாவேக்கு எதிர்ச்சாமி ஒருத்தர் வர்றாரு. தமிழ் வேதாகமத்துல அவரு பேரு பாகால். ஓசூர்ல பஸ் ஏறினா பாகலூர். இதுக்கு மேல என்ன ருசு வேணும்? பாகலூர்லேருந்து கிளம்பினவரு கானான் தேசம் போய்ச் சேர்ந்து அங்க தகராறு பண்ணியிருக்காரு. நாளைக்கே இதையும் எல்லாருக்கும் அனுப்பு, பாகலூர்க்காரங்க உனக்குப் பொன்னாடை போத்துவாங்க. "அது பாகற்காய் வெளஞ்ச ஊருடா"ன்னு எவனாவது சொன்னா, ஊர்த் துரோகின்னு சொல்லி வாயை அடை. "கன்னடத்துல பாகிலுன்னா வாசல், அதுலேருந்து வந்திருக்கும்"னு இன்னொருத்தன் வந்தா, அவனை அத்திப்பள்ளி செக்போஸ்டுக்கு அந்தாண்ட தள்ளிட்டு வந்துடு.

இந்தத் தொழில்ல பேரெடுக்கணும்னா நான் சொல்றபடி நட. ஒத்தைச் சொல்லை மட்டும் எடு, ரெண்டாவது சொல்லை எடுத்தா மாட்டிக்குவே. இன்னைக்கு வாயில வர்ற சத்தத்தையே பிடிச்சுக்கோ, பழைய எழுத்துல எப்படி இருந்துச்சுன்னு பார்க்கப் போனா பொழப்பு கெட்டுடும். "யாரு கொண்டு போனா, எந்த வழியா, எந்தக் காலத்துல?"ன்னு எவனாவது கேட்டா குமரிக்கண்டம்னு சொல்லிடு. அது கடலுக்கு அடியில இருக்குது. இறங்கிப் பார்த்துட்டு வந்து உன்கிட்ட வழக்கு பேச எவனுக்கும் மூச்சு பத்தாது.

மண்ணு கிளர்ற கிழவனுக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பே. ராகிக்கும் தக்காளிக்கும் வர்றதுக்கு முன்னால நான் பெங்களூர்ல ஒரு அச்சாபீசுல கம்பாசிட்டர்டா. கல்யாணப் பத்திரிகை, பஞ்சாங்கம், நாடக நோட்டீசு, வேத வியாக்கியானம் எல்லாம் ஒரே மேசையிலதான் கோப்போம். ஈய எழுத்தை இடம் வலமாத் திருப்பிப் படிச்சுப் பழகின கண்ணு இது. அங்க புரூப் திருத்த வர்ற பெரியவர் ஒருத்தரு எபிரேயம் படிச்சவரு. பீடி பத்த வச்சுகிட்டே ஒவ்வொண்ணாச் சொல்லுவாரு. ஒரு எழுத்து மாத்திக் கோத்தா ஒரு சாமியே மாறிடும்டா, பார்த்துக் கோருடான்னு அதட்டுவாரு. நான் அப்ப விளையாட்டுக்குச் சொல்றாருன்னு இருந்தேன்.

முதல்ல நம்ம எல்லையிலயே நின்னு பாரு. ஜூஜூவாடிக்கு இந்தாண்ட கண்டக்டர் 'வா வா'ங்கறான். அந்தாண்ட 'பா பா'ங்கறான். நம்ம வேர் அங்க பேரு, வேலி அங்க பேலி, வில் பில்லு, வெல்லம் பெல்ல, வெள்ளி பெள்ளி. எல்லாத்துலயும் பகரத்தை அழுத்திச் சொல்லணும், அவ்வளவுதான். வேட்டை அங்க பேட்டெ. தேன்கனிக்கோட்டைப் பெருமாளை பேட்டராயசாமின்னு கும்புடறமே, அவரு வேட்டைக்கு ராயர். அந்தப் பேருக்கு மூலம் சொல்ல எனக்குப் பயமே இல்ல. 'வே' 'பே' ஆனது அந்தச் சாமி ஒருத்தருக்காக ஆனதில்ல, வேலிக்கும் வெல்லத்துக்கும் சேர்த்து ஆச்சு. நீ யாவேக்கு அப்படி ஒரு கூடைச் சொல்லைக் கொட்டிக் காட்டு, நான் உன் காலைத் தொட்டுக் கும்புடறேன்.

தமிழ்ச் சொல்லே எபிரேய வேதத்துல கிடையாதுன்னு நான் சொல்ல வரல. சாலமோன் ராஜாவுக்கு மூணு வருசத்துக்கு ஒருக்கா கப்பல்ல தங்கமும் தந்தமும் குரங்கும் மயிலும் வந்து இறங்குனதா ராஜாக்கள் புஸ்தகத்துல இருக்குது. அந்த மயிலுக்கு எபிரேயத்துல துக்கின்னு பேரு. அது நம்ம தோகைதான்னு கால்டுவெல் ஒப்பிலக்கணத்துல எழுதிட்டுப் போனாரு, பல பேரு ஒத்துக்கிறாங்க. அதுல ஒரு நியாயம் இருக்குது பாரு. சரக்கு போச்சு, கூடவே சரக்குக்கு உண்டான பேரும் போச்சு. யாவே எந்தத் துறையில எந்தக் கப்பல் ஏறினாருன்னு மட்டும் கேட்டுச் சொல்லு, மிச்சத்தை நான் பார்த்துக்கறேன்.

சரி, உட்காரு. விசயத்துக்கு வர்றேன்.

அந்தப் பேரு நாலே எழுத்து. யோத், ஹே, வாவ், ஹே. எபிரேய வேதத்துல 6,800 தடவைக்கு மேல வருது. அத்தனை தடவை எழுதின பேரை வாயால எப்படிச் சொன்னாங்கன்னு இன்னைக்கு எவனும் சூடத்தை அணைச்சுச் சத்தியம் பண்ண முடியாது. நீ மூலம் கண்டுபிடிச்ச 'யாவே'ங்கறதே படிச்சவங்க கணிச்சுச் சொன்ன உச்சரிப்புடா. பழைய கிரேக்க எழுத்தாளருங்க காதுல விழுந்ததை எழுதி வச்சிருக்காங்க, அதை வச்சுத்தான் கணக்கு. 5ஆம் நூற்றாண்டுல தியோடரெட்டுன்னு ஒரு பிஷப், சமாரியருங்க 'யாபே'ன்னு சொல்றதா எழுதியிருக்காரு. அங்கயும் ஒரு அத்திப்பள்ளி இருந்திருக்குது, வகரம் பகரமாகறதுக்கு.

ஏன் இந்தக் குழப்பம்னா, எபிரேயத்துல அந்தக் காலத்துல மெய்யெழுத்தை மட்டும் எழுதுவாங்க. உயிரு வாசிக்கிறவன் வாயில இருக்கும். இது ஒண்ணும் நமக்குப் புதுசில்ல. ஓலைச்சுவடியில நம்மாளு புள்ளி வைக்க மாட்டான், குத்தினா ஓலை கிழியும். எ, ஏ ரெண்டுக்கும் ஒரே வடிவம். 'எரி'யா 'ஏரி'யான்னு இடம் பார்த்துப் புரிஞ்சுக்கணும். 18ஆம் நூற்றாண்டுல வீரமாமுனிவர் வந்துதான் நெடிலுக்குத் தனி வடிவம் பண்ணி வச்சாரு. ஏரின்னு நினைச்சு எரியில இறங்கினவன் எத்தனை பேரோ.

ஆனா எரிக்கும் ஏரிக்கும் பழக்கம் இருந்தது, சொல்லிட்டே இருந்தாங்க. அந்த நாலெழுத்தைச் சொல்றதையே விட்டுட்டாங்க. சாமி பேரை வீணா எடுக்கக்கூடாதுன்னு பத்துக் கட்டளையில இருக்குது. வீணா எது, வீணில்லாதது எதுன்னு கோடு போடறது கஷ்டம், அதனால மொத்தமா எடுக்காமயே விட்டுடலாம்னு பயந்தவங்க முடிவு பண்ணிட்டாங்க. எருசலேம் கோவில் இருந்த வரைக்கும் பாவநிவிர்த்தி நாள்ல பிரதான ஆசாரியர் மட்டும் சொல்வாராம். கி.பி. 70ல ரோமாபுரிப் படை அந்தக் கோவிலை இடிச்சுது. அப்புறம் அதுவும் இல்ல. வாசிக்கிறவங்க அந்த எழுத்து வந்த இடத்துல எல்லாம் 'அதோனாய்', அதாவது 'என் ஆண்டவர்'னு வாசிச்சுட்டுத் தாண்டிப் போனாங்க.

இதுல நீ வாயைப் பொளக்க ஒண்ணுமில்ல. உங்க பாட்டி என்னைக்காவது என் பேரைச் சொல்லி நீ கேட்டிருக்கியா? ரேசன் கடையில பேரு கேட்டா பக்கத்துல நிக்கிறவளை முழங்கையால இடிப்பா. அவ சொல்லுவா. இன்னும் ரெண்டு தலைமுறை இப்படியே போயிருந்தா என் பேரு என்னன்னு நீயும் ஆராய்ச்சிதான் பண்ணணும்.

பின்னால கி.பி. 7லேருந்து 10ஆம் நூற்றாண்டு வரைக்கும் திபேரியாவுல மசோரெத்துப் பண்டிதருங்க உட்கார்ந்து, வேதம் முழுக்க உயிர்க்குறி போட்டாங்க. நாலெழுத்து வந்த இடத்துல என்ன பண்ணுவாங்க? எழுத்தைத் தொடப் பயம். அதனால எழுத்தை அப்படியே விட்டுட்டு, 'இங்க அதோனாய்னு வாசி'ன்னு ஞாபகப்படுத்த அந்தச் சொல்லோட உயிர்க்குறியை இதுமேல போட்டு வச்சாங்க. உள்ளூர்க்காரனுக்கு சூட்சுமம் தெரியும். ஐரோப்பாக்காரனுக்குத் தெரியுமா? அவன் ரெண்டையும் கூட்டிப் படிச்சான். யெகோவான்னு வந்துச்சு. 13ஆம் நூற்றாண்டு லத்தீன் புஸ்தகத்துல ஏறி, 1530ல திண்டேல் அச்சடிச்ச இங்கிலீசு வேதத்துல இறங்கி, அப்புறம் கப்பலேறி நம்ம ஊருக்கு 'யேகோவா'ன்னு வந்து சேர்ந்துச்சு. மெய் ஒருத்தரோடது, உயிர் இன்னொருத்தரோடது. அப்படி ஒரு பேரு எந்த எபிரேயன் வாயிலயும் வந்ததே இல்ல. ஆனா அதைச் சொல்லி எத்தனையோ கோடிப் பேரு மண்டி போட்டுட்டாங்க, இனிமே அதைப் பொய்ப் பேருன்னு சொல்ல நான் யாரு?

நம்ம தமிழ் வேதாகமமும் பயந்த கட்சிதான். நாலெழுத்து வர்ற இடத்துல பெரும்பாலும் 'கர்த்தர்'னு போட்டுட்டு, தவிர்க்க முடியாத சில இடத்துல மட்டும் யேகோவாவை எட்டிப் பார்க்க விடும். கடவுளைப் பொதுவாச் சொல்ற சொல்லுக்கே பாதிரிமாருங்க பட்ட பாடு கொஞ்சமில்ல. 1706ல தரங்கம்பாடியில இறங்கின சீகன்பால்கு சர்வேசுரன்னாரு. பின்னால வந்த பப்ரிசியசு பராபரன்னாரு. 1871ல வந்த மொழிபெயர்ப்புல தேவன். அதுக்கும் பின்னால கடவுள். ஒவ்வொருத்தரும் முன்னவரு போட்டது சரியில்லன்னாரு. நாங்க மட்டும் எல்லாத்தையும் கோத்தோம், கோத்ததுக்குக் கூலி ஒண்ணுதான்.

எழுதியிருக்கிறது ஒண்ணு, கூப்பிடறது ஒண்ணுன்னா, அதுக்கு நீ திபேரியா வரைக்கும் போக வேண்டாம். நம்ம வேடியப்பன் கோவிலுக்குப் போ. கிருஷ்ணகிரி, தருமபுரி, திருவண்ணாமலை மூணு மாவட்டத்துலயும் நடுகல்லைத்தான் வேடியப்பன்னு கும்புடறோம். மஞ்சளும் எண்ணெயும் ஏறி மொழுமொழுன்னு நிக்கிற கல்லுல, எண்ணெய்ப் பிசுக்கைத் துடைச்சா வட்டெழுத்துல நாலு வரி இருந்தாலும் இருக்கும். இன்ன ராஜா ஆண்ட இத்தனையாவது வருசத்துல, மாடு பிடிக்க வந்தவங்களோட மோதி, இன்னார் மகன் இன்னான் விழுந்தான்னு பேரு சொல்லி எழுதியிருக்கும். அவனுக்கு அப்பன் வச்ச பேரு கல்லுல இருக்குது. நாம அதைப் படிக்கிறதில்ல. வேடியப்பான்னு கூப்பிடறோம், கிடா வெட்டறோம், அவனும் வேண்டினதைக் கொடுத்துட்டுத்தான் இருக்கான். படிக்கத் தெரிஞ்ச ஆராய்ச்சிக்காரர் ஒருத்தரு வந்து, இவன் பேரு வேடியப்பன் இல்லன்னு சொன்னா, அவரைப் பந்தியில கடைசி இலையில உட்கார வைப்போம்.

இப்ப உன் கேள்விக்கு வர்றேன். அந்த நாலெழுத்து எங்கேருந்து வந்துச்சு?

வேதமே ஒரு பதில் வச்சிருக்குது. மோசே எகிப்துல ஒரு ஆளை அடிச்சுக் கொன்னுட்டு மீதியான் தேசத்துக்கு ஓடறான். அங்க ஒரு பூசாரி, பேரு எத்திரோ, ஏழு பொண்ணுங்க. அதுல சிப்போராளைக் கட்டிகிட்டு வீட்டோட மாப்பிள்ளையா இருந்து மாமனார் ஆட்டை மேய்க்கிறான். ஆடு மேய்ச்சுட்டுப் போன இடத்துலதான் எரியற முள்ளுச்செடியிலேருந்து சாமி பேசுது. உன் பேரு என்னன்னு மோசே கேக்கறான். 'இரு'ங்கற வினைச்சொல்லை வச்சு ஒரு விடுகதை பதிலா வருது. பேரைச் சொன்ன மாதிரியும் இருக்கும், சொல்லாத மாதிரியும் இருக்கும். அதே புஸ்தகம் கொஞ்சம் தள்ளி இன்னொண்ணும் சொல்லுது. உங்க பாட்டன் ஆபிரகாமுக்கு என்னை இந்தப் பேருல தெரியாது, எல் ஷடாய்னுதான் தெரியும்னு. அப்ப இது பாட்டன் சொத்து இல்ல.

படிச்சவங்க இங்கதான் மூக்கை நுழைச்சாங்க. சாமி காட்சி கொடுத்தது மாமனார் ஊர்ல. மாமனாரு பூசாரி. பின்னால வனாந்தரத்துல அந்த மாமனாரே வந்து பலி போடறாரு, இஸ்ரவேல் மூப்பருங்க கூட உட்கார்ந்து சாப்பிடறாங்க. பழைய பாட்டுங்கள்ல எல்லாம் இந்தச் சாமி தெக்கேயிருந்து, சேயீர், ஏதோம், தேமான் பக்கத்துலேருந்து கிளம்பி வர்றாரு. அதனால இவரு முதல்ல மீதியான்காரங்க சாமிதான், மருமகன் கூட்டிட்டு வந்தான்னு 19ஆம் நூற்றாண்டுலேருந்து ஒரு கட்சி சொல்லுது. எதிர்க்கட்சியும் பலமா இருக்குது. நீ மாலூர்ல பொண்ணு கட்டினே, மாமனார் வீட்டுலேருந்து ஒரு மிக்ஸியும் ஒரு மனஸ்தாபமும்தான் கொண்டு வந்தே. அந்த மாப்பிள்ளை கொண்டு வந்ததைப் பாரு.

சூடான் நாட்டுல சோலெப்னு ஒரு ஊரு. எகிப்து ராஜா மூணாம் அமென்ஹோத்தெப் கி.மு. 14ஆம் நூற்றாண்டுல அங்க ஒரு கோவில் கட்டி, அந்நிய நாட்டுக் கூட்டத்தை எல்லாம் வரிசையாச் செதுக்கி வச்சிருக்காரு. அதுல ஒண்ணு 'யஹு நாட்டு ஷாசு'. ஷாசுன்னா ஆடு மாடு ஓட்டிட்டுத் திரியற கூட்டம். யஹுங்கறது அந்த ஊர்ப் பேரா, ஊரு கும்பிட்ட சாமி பேரா, ரெண்டும் ஒண்ணுதானா? இன்னும் பேசிட்டே இருக்காங்க. உன்னைக் கூப்பிட்டா அது ஊத்தங்கரைன்னு முடிச்சு வச்சிருப்பே.

அந்த வேரு 'இரு'ங்கறதுதான்னு வேதம் சொல்றதை எல்லாரும் ஒத்துக்கல. அரபு மொழிப் பக்கம் திரும்பி, 'வீசு'ங்கற வேரைக் காட்டி, இவரு காத்தும் மழையும் கொண்டு வர்ற சாமின்னு சொல்றவங்க உண்டு. எனக்கு அது பிடிச்சிருக்குது, மானாவாரிக்காரன் புத்தி வேற எங்க போகும்?

சினாய் பாலைவனத்துல குந்திலெத் அஜ்ருதுன்னு ஒரு இடம். 1975லயும் 76லயும் தோண்டினப்ப பெரிய தாழிங்க கிடைச்சுது. கி.மு. 800 வாக்கில மையால எழுதினது. அதுல 'சமாரியா யாவே' ஒரு பக்கம், 'தேமான் யாவே' ஒரு பக்கம். ஊருக்கு ஒரு மாரியம்மா நமக்கு இருக்கிறப்ப, அவங்களுக்கு ஊருக்கு ஒரு யாவே இருக்கக் கூடாதா? கூடவே 'அவருடைய அசேரா'ன்னும் எழுதியிருக்கு. அசேரா கானான் நாட்டு அம்மன். ஒத்தைச் சாமின்னு நினைச்சுட்டிருந்தவருக்கு வீட்டுக்காரி உண்டான்னு பண்டிதருங்க ஆடிப் போயிட்டாங்க. இல்லல்ல, அசேரான்னா கோவில்ல நட்டு வச்ச மரக்கம்பம்தான்னு சிலரு சமாதானம் சொல்றாங்க. நம்மகிட்ட கேட்டிருந்தா, அம்மனும் கம்பமும் ஒண்ணுதான், கம்பம் நட்டாத்தானே மாரியம்மா திருவிழாவேன்னு சொல்லியிருப்போம்.

சந்தேகமே இல்லாம இஸ்ரவேலோட சாமின்னு அந்த நாலெழுத்தை வேதத்துக்கு வெளியில முதல்ல எழுதி வச்சவன் யாருன்னா, ஒரு பகையாளி. மோவாப் ராஜா மேசா. கி.மு. 840 வாக்கில கருங்கல்லுல ஜெயஸ்தம்பம் அடிச்சு, நேபோங்கற ஊரைப் பிடிச்சேன், யாவேயோட பாத்திரங்களை எங்க சாமி கேமோசு முன்னால இழுத்துப் போட்டேன்னு பெருமை பேசியிருக்கான். பக்தன் சொல்லப் பயந்த பேரு, பகையாளி கல்லுல பத்திரமா இருந்துச்சு. 1868ல திபான்ல ஒரு பாதிரியார் கண்ணுல அது பட்டுது. இவ்வளவு பேரு இந்தக் கல்லுக்கு அலையறாங்களேன்னு கேள்விப்பட்ட அந்தப் பக்கத்துக் கூட்டத்தார், தீ மூட்டிக் காய வச்சு, பச்சைத் தண்ணி ஊத்தி வெடிக்க வச்சுட்டாங்க. கருங்கல்லுக்குப் பேரு போன மாவட்டத்துக்காரன் உனக்கு அந்த வித்தையை நான் விளக்க வேண்டாம். நல்லவேளை, முன்னாலயே காகிதத்தை ஈரமா ஒத்தி அச்செடுத்து வச்சிருந்தாங்க. அதை வச்சுத் துண்டை ஒட்டி இன்னைக்குப் பாரிசுல லூவ்ருல நிறுத்தியிருக்காங்க.

நம்ம பாகலூராரை மறந்துட்டேன்னு நினைச்சுக்காதே. பாகால்ங்கறது முதல்ல பேரே இல்லடா. எபிரேயத்துலயும் கானான் மொழியிலயும் அதுக்கு உடையவன், எஜமான், புருசன்னு அர்த்தம். உங்க பாட்டி ரேசன் கடையில சொல்ற 'வீட்டுக்காரர்' இருக்குது பாரு, அட்சரம் பிசகாம அது. ஒரு காலத்துல யாவேயையே பாகால்னு கூப்பிட்டிருக்காங்க, தப்பா நினைக்கல. சவுல் ராஜாவே மகனுக்கு எஸ்பால்னு வச்சிருக்கான், நாளாகமத்துல அப்படியே இருக்குது. சாமுவேல் புஸ்தகத்துக்கு வா, அதே பையன் இஸ்போசேத்து. போசேத்துன்னா வெட்கக்கேடு. இடையில பாகால் ஆகாத சாமி ஆயிட்டாரு. பின்னால ஏட்டைப் பிரதி எடுத்தவங்களுக்கு எழுதவே கை கூசிப் போய், அந்த இடத்துல வெட்கக்கேட்டைப் போட்டாங்க. பாவம், பையன். அப்பன் 'சாமிக்கு உரியவன்'னு ஆசையா வச்ச பேரு.

இதுல உச்சம் ஒண்ணு இருக்குது. அகசியா ராஜா சமாரியாவுல மாடியிலேருந்து கிராதி வழியா விழுந்து படுத்த படுக்கையாயிட்டான். பொழைப்பேனா மாட்டேனான்னு குறி கேக்க, பெலிஸ்தர் ஊரான எக்ரோனுக்கு ஆளனுப்பறான். அந்த ஊர்ச் சாமி பேரு தமிழ் வேதாகமத்துல பாகால்சேபூப். செபூப்னா ஈ. ஈக்களோட ஆண்டவரு. எந்த ஊர்லயாவது சொந்தச் சாமிக்கு 'ஈயப்பன்'னு பேரு வைப்பாங்களா? ஈயை விரட்டற சாமியா இருக்கலாம், நோய்க்கு வேண்டிக்கிற சாமியா இருக்கலாம்னு சமாளிச்சவங்க உண்டு.

1928ல சிரியாக் கடற்கரையில ஒரு குடியானவன் உழறப்ப ஏர்க்கொழுவு ஒரு கல்லுல இடிச்சுது. கீழே கல்லறை. அடுத்த வருசம் பக்கத்து மேட்டைத் தோண்டினா உகரித்துன்னு ஒரு பட்டணமே கிடந்துச்சு, மூவாயிரம் வருசத்துக்கு முந்தின களிமண் பலகைங்களோட. அதுல பாகாலுக்குப் பட்டப் பேரு செபுல். இளவரசரு, உயர்ந்தவருன்னு அர்த்தம். பூமிக்கு அதிபதியான பாகால் இளவரசேன்னு கூப்பிட்டிருக்காங்க. எதிராளி ஊர்ல கடைசி எழுத்தை மாத்தி இளவரசரை ஈயாக்கிட்டாங்கன்னு இப்பப் பெரும்பாலான பண்டிதருங்க சொல்றாங்க.

நீ வீட்டுல இருக்கிற தமிழ் வேதாகமத்தையே எடுத்துப் பாரு. ராஜாக்கள் ரெண்டாம் புஸ்தகத்துல பாகால்சேபூப், கடைசியில ப். சுவிசேசத்துல பிசாசுங்களுக்குத் தலைவன்னு வர்ற அதே ஆளு பெயெல்செபூல், கடைசியில ல். கிரேக்கம் வழியா வந்த பேருல பழைய லகரம் ஒட்டிட்டு இருந்துடுச்சு. ஒரே புஸ்தகத்துல ரெண்டு வால். நான் கோத்தப்ப இதுல ஏதோ ஒண்ணு பிழைன்னு முடிவு பண்ணி, ப்-பை எடுத்துட்டு ல்-லை வைக்க கையை நீட்டினேன். பெரியவரு பிடிச்சுகிட்டாரு. "வைடா கீழ, அந்தக் கிண்டலுக்கு ரெண்டாயிரத்து ஐந்நூறு வயசு"ன்னாரு.

நம்ம ஓசூர் மலைமேல சந்திரசூடேசுவரர் இருக்காரு. கல்வெட்டுல அவரு செவிடை நாயனாரு, ஊரு செவிடபாடி. சாமிக்குச் செவிடுன்னு பேரான்னு எந்தக் காலத்துலயோ எவனோ கேட்டிருப்பான். அதுக்கு ஒரு கதை வந்துடுச்சு. சிவன் உடும்பா வந்தாரு, ரெண்டு முனிவருங்க பிடிக்கப் பார்த்தாங்க, அம்மா சாபத்துல ஒருத்தரு ஊமை, ஒருத்தரு செவிடு. கதை அழகா இருக்குது, நான் மாத்தச் சொல்லல. பேரு முதல்ல, கதை பின்னால, எக்ரோன்ல நடந்தது ஓசூர்ல நடக்கக் கூடாதா என்ன. நீ புதுசா ஆராய்ச்சி பண்ணணும்னா அந்த உடும்புலேருந்து தொடங்கு, பஸ் செலவும் மிச்சம்.

கடைசியா ஒண்ணு. அந்த நாலெழுத்துல பாதி இன்னும் உயிரோட ஊரைச் சுத்திட்டு இருக்குது, உனக்குத்தான் தெரியல. அல்லேலூயாவுல கடைசியில வர்ற 'யா' அதுதான். எலியா, ஏசாயா, எரேமியா எல்லாருக்கும் வால்ல அதுதான். பேருக்கு முன்னால வந்தா 'யோ'ன்னு ஆகும். யோவான்ங்கறது எபிரேயத்துல யோகனான், யாவே அருள் கூர்ந்தாருன்னு அர்த்தம். நம்ம கத்தோலிக்க சபையில அந்தக் காலத்துப் பெரியவங்க அருளை மட்டும் எடுத்துகிட்டு அருளப்பன்னு பேரு வச்சாங்க, எலத்தகிரிப் பக்கம் போய்க் கேட்டுப் பாரு. உன் ஷிப்டுல யோவான்னு பேரு வச்ச பசங்க இருந்தா நீங்க என்ன பண்றீங்க? கேன்டீன்ல தட்டைக் கையில வச்சுகிட்டு, அந்தக் கடைசியிலேருந்து "யோவ்! யோவ்!"னு கத்தறீங்க. அருளைக் கீழ தள்ளிட்டு, ஆசாரியரு வருசத்துக்கு ஒரு நாள் மட்டும் வாயில எடுத்த மிச்சத்தை, சாம்பார் வாளியை நகர்த்தச் சொல்றதுக்குக் கூப்பிடறீங்கடா.